தினம் இரண்டு பேணி பார்லி

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதக் கடைசியில், நான் முதன்முதலாக ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போனேன். சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இறங்கி, பனி வழித்த பாதையில் பத்து நிமிட நடை. ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற இடம். மாடுகள் கார்த்திகையில் கொட்டிலுக்குள் வந்தால் சித்திரைக் கடைசியில்தான் வெளியே புல்லைக் காணும்.

அதற்கு முன் பதினான்கு வருடம் நான் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்தேன். முகப்புத் தட்டில் கீறல் இருக்கிறதா என்று பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது வேலை. அதற்கும் முன்னால் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் நாலு வருடம்: முதலில் அச்சுப்பிழை திருத்தும் ஒப்புநோக்குநர், பிறகு உள்ளூர்ச் செய்தி. தொழிற்சாலையில் எங்கள் பகுதியைப் பிற்பகல் வேலை மட்டும் என்று ஆக்கியபோது காலைகள் வெறுமையாகிவிட்டன. கடை ஒன்றின் அறிவிப்புப் பலகையில் கையால் எழுதிய துண்டு ஒன்றைப் பார்த்தேன். "காலையில் மாடுகளுக்குத் தீனி போட ஆள் தேவை. மாட்டுக்குப் பயப்படாதவராக இருக்கவேண்டும்." எனக்கு மாட்டுக்குப் பயமில்லை.

"மணிக்கூட்டில தூசி பாத்த கை இனிச் சாணி அள்ளப் போகுதோ?" என்றார் கணவர்.

"ரெண்டுக்கும் கண்தான் வேணும்" என்றேன்.

பண்ணையை நடத்தியவர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண். நான் அவரை மதாம் என்று கூப்பிடுவேன். அவர் நாலாம் நாளே என்னை "நீ" என்று பேசத் தொடங்கிவிட்டார். பேசியது பிரெஞ்சுதான். ஆனால் அந்தக் குரலின் வெட்டொன்று துண்டிரண்டுக்கு யாழ்ப்பாணத் தமிழே பொருந்துவதால் அப்படியே எழுதுகிறேன். இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு ஊன்றுகோலில் நின்றார். வசந்தம் வரும்வரை மாடுகளுக்கு நடுவே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கொட்டிலின் நடைபாதை வரைக்கும்தான் அவரால் வரமுடியும். கம்பிக்கு உள்ளே எல்லாம் நான்.

அது பால் கறக்கிற பண்ணை இல்லை. கன்று தாயோடேயே நின்று, பால் முழுவதையும் தானே குடித்து வளரும். பத்தாம் மாதம் இறைச்சிக்குப் போகும். இதை முதல்நாளே மதாம் சொன்னார். நான் வீட்டில் சொன்னேன். கோயிலில் தெரிந்தவர்கள் "என்ன, பால் பண்ணையோ?" என்று கேட்டபோது "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

இருபத்திரண்டு பசுக்கள், முதல் கன்றுக்குச் சினையாக நின்ற மூன்று நாகுகள், ஒரு நாம்பன் காளை. எல்லாக் கன்றுகளும் பங்குனியில் விழவேண்டும் என்று திட்டமிட்டு முந்தின கோடையில் நாம்பனை மந்தையில் விட்டிருந்தார்கள். செம்மண் நிறத்து லிமூசின் இனம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அந்த இனத்தை வளர்க்கிற ஒரு கிழவரிடமிருந்து, "இவன்ர கன்றுகள் சின்னனாத்தான் விழும், பிறகு வளரும்" என்ற உறுதியோடு வந்தவன். அவனுடைய முதல் கன்றுகள் வரப்போகிற பங்குனியில்தான் பிறக்கவிருந்தன. மதாம் அவனை "அமைச்சர்" என்பார். "வேலை வருசத்தில ரெண்டு மாதம். மிச்சம் சாப்பாடும் யோசினையும்." எனக்கு அவன் முதல் வாரத்திலேயே பழகிவிட்டான். மேற்சட்டைப் பையில் என் காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டு இருப்பதைக் கண்டுபிடித்து அதிலேயே மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான்.

தீனியில் இரண்டு வகைப் புல் இருந்தது. பூத்து முற்றிய பிறகு வெட்டின முதல் வெட்டு, தும்பு மாதிரிச் சொரசொரத்தது. இரண்டாம் வெட்டு பச்சை மாறாதது. கட்டை அவிழ்த்தால் தேயிலை மணக்கும். இரண்டாம் வெட்டும் உடைத்த பார்லியும் வளர்கிற கன்றுகளுக்கு. அந்த வருடப் பங்குனியில் விழுந்த கன்றுகள் சில இன்னும் நின்றன. தாய்கள் நுழைய முடியாத சின்ன வாசல் வழியே அவை உள்ளே போய்த் தின்னும். சினை மாடுகளுக்கு முற்றின புல்லும் வைக்கோலும், உப்புக் கட்டியும் மட்டும்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டேன். அவற்றின் வயிற்றில் கன்று இருக்கிறது என்பதை மதாம் மறந்துவிட்டார் போல எனக்கு இருந்தது.

"இவ்வளவேதான். கடைசி மூண்டு மாதமும் கொழுக்க விட்டா கன்று உள்ளுக்க பெருக்கும், அது வாற வழியும் கொழுப்பால இறுகும். நாகு எண்டா இன்னும் மோசம்." பிறகு ஊன்றுகோலால் கம்பியைத் தட்டிச் சொன்னார். "விலா எலும்பை விரலால எண்ணக்கூடியதா இருக்கவேணும். கண்ணால எண்ணக்கூடியதா இருக்கக்கூடாது. மாரியில மயிர் அடர்த்தி, கண் ஏமாத்தும். கையை வை."

கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று தந்தார். ஒவ்வொரு நாளும் எந்த அடைப்புக்கு என்ன தீனி, எவ்வளவு. கன்று விழுந்தால் நிறை, நேரம், எப்படி விழுந்தது. தானாகப் போட்டால் ஒன்று. கையால் இழுத்தால் இரண்டு. இழுக்கும் கருவி வைத்தால் மூன்று. வயிற்றைக் கிழித்தால் நாலு. இந்த எண்களை வைத்துத்தான் எந்த நாம்பனை வைத்திருப்பது, எந்தப் பசுவின் மகளை வளர்ப்பது என்று முடிவெடுப்பாராம்.

"நீ பத்திரிகையில இருந்தனி எண்டாய். நல்லது. கண்டதை எழுது, நினைச்சதை எழுதாதை."

இதே வசனத்தை, இவ்வளவு சுருக்கமாக இல்லாவிட்டாலும், எங்கள் செய்தி ஆசிரியர் எனக்கு இருபத்திரண்டு வயதில் சொல்லியிருந்தார்.

மூன்று நாகுகளில் சின்னதின் காதுத் தோட்டில் கடைசி இரண்டு இலக்கம் பதினேழு; எனக்கு அதுவே அதன் பெயர். மற்ற இரண்டும் தள்ளிவிடுவதால் எப்போதும் கடைசியாகத்தான் தீனிக்கு வரும். விலாவுக்குப் பின்பக்கத்துக் குழி ஆழமாகத் தெரியும். காலையில் நான் வாளியோடு போனால் தலையைக் கம்பிக்கு வெளியே நீட்டி என் கையை மணக்கும். எங்கள் ஊரில் சினை மாட்டை ஒட்டின வயிற்றோடு வைத்திருக்கிறவரைப் பற்றி நாலு வீட்டில் கதைப்பார்கள். வெள்ளிக்கிழமையில் ஒரு பிடி அகத்திக் கீரையாவது கொடுக்காமல் கன்றுத்தாய்ச்சி மாட்டைக் கடந்து போகமாட்டோம். இங்கே நான் தினமும் கடந்து போனேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், பட்டிப்பொங்கல். வீட்டில் மிஞ்சின பொங்கலைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோய்ப் பதினேழுக்கு ஒரு கை கொடுத்தேன். அது நாக்கால் என் உள்ளங்கையை வழித்துத் துடைத்தது. கன்றுகளின் பார்லிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அதில் கிடந்த தகரப் பேணியால் ஒரு பேணி அள்ளி அந்த அடைப்புத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கு மட்டும் என்றுதான்.

அடுத்த நாளும் அது தலையை நீட்டியது.

ஒரு வாரத்தில் இரண்டு பேணியானது, காலையில் ஒன்று, நான் புறப்படும்போது ஒன்று. கூடவே இரண்டாம் வெட்டில் ஒரு கவளம், மிஞ்சின பாண். பதினேழுக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் தொட்டி மூன்றுக்கும் பொது. பார்லி மூட்டை முடிவதைச் சொல்வதும் நான்தான். கன்றுகள் நன்றாகத் தின்கின்றன என்றேன்.

உண்மையைச் சொன்னால் அது பதினேழுக்குப் போட்ட தீனி மட்டும் இல்லை. அந்த மாதம் நாலு பத்து மாதக் கன்றுகள் லொறியில் ஏறிப் போயின. தாய்கள் இரண்டு நாள் கத்தின. அதன் பிறகு கோயிலுக்குப் போய் நின்றபோது "ஓம்" என்று சொன்ன பொய்யோடுதான் கும்பிட்டேன். தாய்களையாவது வயிறு நிறையப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். தினம் இரண்டு பேணி. கொப்பியில் எழுதவில்லை. "முற்றிய புல், வைக்கோல், உப்பு" என்று ஒவ்வொரு நாளும் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கணவருக்கு மட்டும் சொன்னேன்.

"அவ போடவேண்டாம் எண்டு சொன்னவ தானே?"

"இஞ்சத்த ஆக்களுக்கு உது விளங்காது. வயித்துப் பிள்ளைக்காரியை ஆரும் பட்டினி போடுவினமோ?"

"இஞ்சேரும், அது உம்மட தங்கச்சி இல்லை, மாடு. நாற்பது வருசமா மாடு வளக்கிறவவுக்கு விளங்காததோ உமக்கு விளங்கினது?" என்றார். பிறகு, "பிடிபட்டா வேலை போகும், பாரும்" என்று சிரித்தார். வேலை போவதோடு முடிந்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன்.

மதாம் நடைபாதையில் நின்று ஒவ்வொரு திங்களும் கேட்பார். "நாகுகள் எப்பிடி? கையை வைச்சனியோ?"

"ஓம். நல்லா இருக்கினம்."

கையை வைத்தேன். மாசிக் கடைசியில் பதினேழின் விலா எலும்பு என் விரலுக்குத் தட்டுப்படவில்லை. மெத்தையில் அழுத்துவது போல இருந்தது. எனக்கு வந்தது சந்தோஷம். அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. நான் வளர்த்தேன் என்று நினைத்தேன்.

பங்குனி இரண்டாம் வாரம் கன்றுகள் விழத் தொடங்கின. பெரிய பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போட்டன. நாற்பது கிலோ, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. கொப்பியில் ஒன்று, ஒன்று, ஒன்று. மதாம் பார்த்துவிட்டு, "அமைச்சருக்கு ஒரு பதக்கம் குத்தவேணும்" என்றார்.

பிறகு நாகுகளின் முறை. முதலாவது விடிந்து இரண்டு மணித்தியாலம் முக்கியும் கால் நுனிக்கு மேல் எதுவும் வரவில்லை. மதாம் வைத்தியரின் தடையை மறந்து, ஊன்றுகோலை எறிந்துவிட்டு உள்ளே வந்தார். இருவருமாகக் கருவியை வைத்து இழுத்தோம். கன்று உயிரோடு வந்தது. தராசில் நாற்பத்தொன்பது கிலோ. மதாம் அந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"நாகுக்கு நாற்பத்தொன்பதோ? கணக்கு உதைக்குதே."

அன்றைக்கே பார்லியை நிறுத்தினேன். எட்டு வாரம் பிந்தி.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பதினேழு படுத்தது. அந்தச் சின்ன உடம்பு ஒவ்வொரு தரம் முக்கும்போதும் கொம்பில்லாத தலையைச் சுவரில் முட்டியது. மிருக வைத்தியர் வந்து கையை உள்ளே விட்டார். கன்றின் தலை ஏற்கெனவே வழியில் இறுகிவிட்டது, வயிற்றைக் கிழிக்க நேரம் கடந்துவிட்டது என்றார். கருவியை வைத்து ஒரு மணித்தியாலம் போராடினோம். வந்த கன்று மூச்சு விடவில்லை. வாயில் விரலை விட்டு வழித்தோம், மூக்கில் வைக்கோலால் குத்தினோம், தலைகீழாகத் தூக்கினோம். ஐம்பத்தொரு கிலோ. செம்மண் நிறம், நெற்றியில் சுழி, நாக்கு நீலம்.

வைத்தியர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "உள்ளுக்க வழி முழுக்கக் கொழுப்பு. தீனி கூடிப் போச்சோ?"

என்னிடம் கேட்கவில்லை. மதாமிடம்தான் கேட்டார். மதாம் கோபத்தோடு, "என்ர வீட்டில தீனி கூடிப் போகாது. முற்றின புல்லும் வைக்கோலும்தான். நாள் தவறாமல் எழுதி இருக்கு, கேட்டுப் பாரும்" என்று என்னைக் கைகாட்டினார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் முழங்கை வரை ஈரம். காலடியில் கன்று.

நான் தலையாட்டினேன்.

"அப்ப நாம்பன்தான்" என்றார் வைத்தியர்.

பதினேழு எழும்பவில்லை. இழுத்ததில் இடுப்பு நரம்பு நசுங்கிவிட்டது. பின்கால்கள் இரண்டும் தவளை மாதிரி விரிந்தபடி கிடந்தன. புரட்டிப் படுக்க வைத்தோம், வைக்கோல் அடுக்கினோம், நான் பிற்பகல் வேலைக்கு லீவு எடுத்து நின்றேன். தண்ணீர் வாளியைக் கொண்டுபோனால் இன்னும் என் கையை மணந்தது, அதில் பார்லி இருக்கும் என்று. மூன்றாம் நாள் மத்தியானம் வைத்தியர் அதன் வேதனையை முடிக்க ஊசி போட்டார். மூன்றாவது நாகுக்கு வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்தார்கள். தாயும் கன்றும் தப்பின.

கொப்பியில் நான் எழுதினேன்: மூன்று, மூன்று, நாலு. குறிப்பு: "கன்று இறப்பு." பிறகு, "நாகு இறப்பு." தீனி நிரலில் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்த வாரம் முழுவதும் மதாம் சமையலறை மேசையில் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரே தகப்பன். பெரிய பசுக்களின் கன்றுகள் நாற்பது, நாகுகளின் கன்றுகள் ஐம்பது. நாகுகளின் கன்றுதான் வழக்கத்தில் சின்னதாக இருக்கும். தலைகீழாக இருக்கிறதே என்று தானே சொல்லித் தானே யோசித்தார். தீனிப் பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுதின பக்கத்தில் பிழை பிடிப்பது எப்போதும் கஷ்டம்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நாகு போய்விட்டது, ஆனால் நாம்பன் நின்றான். வாயைத் திறந்தால் பதினேழைக் கொன்றது நான் என்று ஆகிவிடும் என்ற ஒரே பயம்தான். வேலையை நினைத்துக்கூட இல்லை.

மதாம், நாம்பனைத் தந்த கிழவருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். கிழவர் அடுத்த நாளே பழைய காரில் வந்தார். மெலிந்த, மூக்கு சிவந்த மனிதர். யாரோடும் வாதாடவில்லை. நாம்பனின் அடைப்புக்குள் போய் அவன் முதுகில் கையை ஓட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இவன்ர தாய் என்னட்ட பதினொரு கன்று போட்டவள். ஒண்டுக்கும் கயிறு கட்டினதில்லை" என்றார். மதாம் கொப்பியை நீட்டினார். கிழவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "வடிவான கையெழுத்து" என்றார். போய்விட்டார்.

சித்திரையில், மந்தை வெளியே போவதற்கு முன், நாம்பனை இறைச்சிக்கு அனுப்ப லொறி வந்தது. பின்கதவுப் பலகையில் அவன் ஏற மறுத்தான். முன்காலை ஊன்றிக்கொண்டு நின்றான். லொறிக்காரர் தடியை எடுக்கப் போனார்.

"வேண்டாம். இவளுக்குப் பின்னால போவான்" என்றார் மதாம்.

நான் மேற்சட்டைப் பையில் பாண் துண்டை வைத்துக்கொண்டு பலகையில் ஏறினேன். அவன் பையில் மூக்கை வைத்தபடி என் பின்னாலேயே வந்தான். உள்ளே போனதும் பக்கக் கதவால் நான் இறங்கினேன். பாண் துண்டு என் கையிலேயே இருந்தது. அதைக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வேறு நாம்பன் வந்தான். கோடை போனது. மதாமின் இடுப்பு சுகமாகி, அடுத்த மாரியில் தானே அடைப்புக்குள் போய் ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் கையை வைத்தார். நாகுகளுக்கு முற்றின புல்லும் வைக்கோலும். இந்தத் தடவை உண்மையாகவே அவை மட்டும். பங்குனியில் அவை என் கண் முன்னாலேயே, ஒரு மணித்தியாலத்துக்குள், ஒவ்வொன்றாகப் போட்டன. முப்பத்தேழு, முப்பத்தொன்பது, முப்பத்தாறு. கொப்பியில் மூன்று ஒன்றுகள்.

"பாத்தியோ?" என்றார் மதாம். முகமெல்லாம் சிரிப்பு. "அதே கொட்டில், அதே புல், அதே நீ. மாறினது நாம்பன் மட்டும். அந்த வம்சத்தையே ஒருத்தரும் வாங்கக்கூடாது. இனவிருத்திக்காரருக்கு எழுதப் போறன். போன வருசக் கொப்பியை வடிவாப் பிரதி எடுத்துத் தா, உன்ர கையெழுத்து எல்லாருக்கும் விளங்கும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். பட்டிப்பொங்கல் நாளில் பேனா நின்றுவிட்டது. "முற்றிய புல், வைக்கோல், உப்பு." பத்திரிகையில் நாங்கள் யாரையாவது பிழையாகக் குற்றம் சொல்லிவிட்டால் உள்பக்கத்தில், கீழ் மூலையில், திருத்தம் என்று நாலு வரி போடுவோம். அதைப் போட வைப்பதற்காக நானே ஆசிரியரோடு இரண்டு தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

"என்ன, பேனா எழுதேல்லையோ?" என்றார் கணவர்.

"எழுதுது" என்றேன். அந்தத் திகதிக்கு நேரே எழுதினேன்: "நாகுகளுக்கு உடைத்த பார்லி தினம் இரண்டு பேணி, இரண்டாம் வெட்டுப் புல், எட்டு வாரம். மதாமுக்குத் தெரியாமல் நான் போட்டது."

திங்கள் காலை பிரதியை மேசையில் வைத்துவிட்டு, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். மதாம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏன்?"

"மெலிவா இருந்தது. பாவமா இருந்தது."

"பாவம் பாத்ததை நான் மன்னிச்சிடுவன். நானும் சின்னனில ஒரு ஆட்டுக்கு அப்பிடிச் செய்தனான்." கொப்பியைத் தட்டினார். "ஆனா இது? நான் இதைப் பாத்துத்தான் மாட்டை அனுப்பினனான். அந்தக் கிழவனைத் தொலைபேசியில கள்ளன் எண்டு கத்தினனான். வைத்தியர் கேட்டபோது நீ பக்கத்தில நிண்டனி."

"ஓம்."

"காரில ஏறு."

பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அரை மணித்தியாலம். கிழவர் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "இவள் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று சொல்லிவிட்டு மதாம் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் சொன்னேன். என்னுடைய பிரெஞ்சில், சுற்றி வளைக்காமல், பேணிக் கணக்கோடு சொன்னேன்.

கிழவர் கையிலிருந்த விறகுக் கட்டையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவனில பிழையில்லை."

"இல்லை."

"நான் நம்பிட்டன்" என்றார். "கொப்பி அவ்வளவு ஒழுங்கா இருந்தது. பெரிய கன்று அவன்ர தாயின்ர ரத்தத்திலதான் இருக்குப் போல எண்டு நினைச்சு அவளை ஐப்பசியில இறைச்சிக்கு அனுப்பிட்டன். அவன்ர ரெண்டு சகோதரிகளை மட்டும் வைச்சிருக்கிறன்." கட்டையை அடுக்கில் வைத்து நேராக்கினார். "பதினொரு கன்று போட்டவள்."

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "குளிருது, கோப்பி குடிக்கிறியளோ?" என்று கேட்டார். குடித்தோம். மதாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அவர் கேட்கவேண்டியிருந்தது என்னால்.

மதாம் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது, பஸ் தரிப்பிடத்தில் என்னை இறக்கிவிட்டு, "நாளைக்கு ஆறரைக்கு" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் நான் அங்கேதான் போகிறேன். ஆனால் கொப்பியை அவர் என்னிடம் திரும்பத் தரவில்லை. மாடுகள் எப்படி இருக்கின்றன என்று இப்போதும் கேட்பார். நான் சொல்வேன். தலையாட்டிவிட்டு, தானே அடைப்புக்குள் போய், கையை வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவார். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். அது எனக்காகச் செய்கிற மரியாதை என்று எனக்குத் தெரியும்.

கோயிலில் இப்போது கேட்டால் "இறைச்சி மாட்டுப் பண்ணை" என்று சொல்கிறேன். சிலர் பேச்சை மாற்றுவார்கள். பரவாயில்லை.

ஒவ்வொரு பட்டிப்பொங்கலுக்கும் மதாமிடம் கேட்டு மாட்டுக்கு ஒரு பிடி பார்லி கொடுக்கிறேன். "ஒரு பிடி. நான் எழுதுவன்" என்பார். கை நிறைய அள்ளி, பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் விடும்போது பதினேழும், அதன் கன்றும், பையில் மூக்கை வைத்தபடி பின்னால் வந்த நாம்பனும், நான் கண்ணால்கூடக் கண்டிராத அவன் தாயும் வரிசையாக ஞாபகத்துக்கு வருவார்கள். நான் எழுதிய திருத்தம் அவர்களில் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.